தூதரகம் கேட்ட பெயர்

மஸ்கட்டில் எங்கள் அறையில் ஏழு பேர் இருந்தோம். ஆறு பேருக்குக் கட்டில் உண்டு. ராசு மட்டும் அடுப்படியை ஒட்டித் தரையில் படுத்துக்கொள்வான். அந்த நாட்டில் அவன் இருப்பதற்கு எந்தக் காகிதமும் கிடையாது. ஏழு கட்டில் போட்டால் எவனாவது எண்ணிப் பார்ப்பான் என்று அவனே தரையைக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

ராசு மதுரைக்கு மேற்கே, செக்கானூரணி தாண்டி ஊத்துப்பட்டிக்காரன். பதினோரு வருடத்துக்கு முன்னால் டைல்ஸ் ஒட்டும் வேலைக்கு வந்தான். கூட்டி வந்த கம்பெனி இரண்டாவது வருடமே மூடிவிட்டது. பாஸ்போர்ட்டை வாங்கி வைத்திருந்த முதலாளி எங்கே போனார் என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு விசா இல்லாமல், அட்டை இல்லாமல், தெரிந்த மேஸ்திரிகள் கூப்பிட்ட இடத்தில் வேலை செய்து காலத்தை ஓட்டினான். நான் அங்கே ஒரு எலக்ட்ரிக்கல் சாமான் கம்பெனியில் ஸ்டோர் பார்க்கிறேன். எனக்கும் மதுரைதான், திருநகர். வீட்டில் சௌராஷ்டிரா பேசுகிற ஆள். ஊரில் இருந்திருந்தால் நானும் அவனும் சேர்ந்து ஒரு டீ கூடக் குடித்திருக்க மாட்டோம். அங்கே ஒன்பது வருடம் ஒரே சட்டிக் குழம்பைச் சாப்பிட்டோம்.

போன வருடக் கடைசியில் அவன் வலது காலில் டைல்ஸ் சில்லு குத்தியது. சர்க்கரை இருந்ததால் புண் ஆறவில்லை. மலையாளி மருந்துக்கடைக்காரர் ஒருவர் மாத்திரையும் களிம்பும் கொடுத்துக்கொண்டிருந்தார். இரண்டு மாதத்தில் சுண்டுவிரலும் அதற்கு அடுத்த விரலும் நிறம் மாறின. தெரிந்த நர்ஸ் ஒருத்தி வந்து பார்த்துவிட்டு, இதை ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் பார்க்க வேண்டும், தள்ளிப்போட்டால் விரலோடு நிற்காது என்றாள். காகிதம் இல்லாதவன் ஆஸ்பத்திரிக்குப் போவதற்குப் பயந்தான்.

அந்தச் சமயத்தில்தான் பொதுமன்னிப்பு அறிவித்தார்கள். அடுத்த மாதம் முப்பத்தொன்றாம் தேதிக்குள் காகிதம் இல்லாதவர்கள் அபராதமில்லாமல் ஊருக்குப் போகலாம். பாஸ்போர்ட் இல்லாதவர்களுக்கு நம் தூதரகம் ஒரு வெள்ளைத் தாள் கொடுக்கும். ஒரே ஒரு பயணத்துக்குத்தான் செல்லும். அதை எல்லோரும் அவுட்பாஸ் என்பார்கள்.

தூதரகம் எனக்குப் புதிது இல்லை. மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அங்கே குறை கேட்கும் கூட்டம் நடக்கும். இந்தியும் இங்கிலீஷும் தெரியாத நம்மூர் ஆட்களுக்கு நான் பேசிக் கொடுப்பேன். வெள்ளிக்கிழமை எனக்குப் போக வேறு இடம் கிடையாது. அதனால் ராசுவை நான்தான் கூட்டிப்போனேன்.

உதவி மேசையில் மீனா மேடம் இருந்தார். நாகர்கோவில்காரர். பாஸ்போர்ட் நகல் இருக்கிறதா, நம்பராவது தெரியுமா என்று கேட்டார். இரண்டும் இல்லை. அப்படியானால் பெயரையும் அப்பா பெயரையும் ஊரையும் வைத்து மதுரைக்கு எழுத வேண்டும், உள்ளூர் போலீஸ் வீட்டுக்குப் போய் விசாரித்து ஆள் இந்த வீட்டு ஆள்தான் என்று பதில் அனுப்பினால்தான் தாள் கிடைக்கும் என்றார். படிவத்தை நான்தான் நிரப்பினேன். அப்போதுதான் ராசுவின் பெயர் முத்திருளன் என்று எனக்கே தெரிந்தது. தகப்பனார் பெயர் ஜெயபாண்டி. ஒன்பது வருடத்தில் அவனை யாரும் முத்திருளன் என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

அடுத்த மாதம் ஐந்தாம் தேதி பதில் வந்துவிட்டது என்று மீனா மேடம் கூப்பிட்டார். போனதும் கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். மேற்படி முத்திருளன் என்பவர் இருபது ஆண்டுகளுக்கு முன்பே காலமாகிவிட்டதாக அந்த வீட்டில் வசிக்கும் இருளாயி என்பவர் வாக்குமூலம் கொடுத்திருக்கிறார் என்று இருந்தது. கீழே கைரேகையும் இருந்தது.

இருளாயி ராசுவின் அம்மா.

இறந்துபோன ஆளின் பெயரில் வேறு யாரோ வந்து தாள் கேட்கிறார்கள் என்றுதான் இப்போது ஃபைலில் இருக்கிறது என்று மீனா மேடம் சொன்னார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. தன்னால் இதற்கு மேல் ஒரு கையெழுத்துக்கூட வாங்க முடியாது, அதே ஸ்டேஷனிலிருந்து அதே ஃபைல் நம்பருக்குத் திருத்திய அறிக்கை வர வேண்டும், இருபத்தைந்துக்குள் வந்தால் முப்பத்தொன்றுக்குள் ஆளை அனுப்பிவிடலாம், அதற்கப்புறம் வந்தால் பிரயோஜனம் இல்லை என்றார்.

ராசு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"வாராவாரம் போன்ல மூஞ்சியப் பாத்துத்தானண்ணே பேசுது" என்றான். அப்புறம் காலைப் பார்த்தான். "செத்தவனுக்குக் கால் வலிக்குமாண்ணே?"

அங்கிருந்தே அம்மாவைக் கூப்பிட்டான். உன்னைப் பற்றி யாரும் வந்து விசாரிக்கவே இல்லையே என்று அவர் அடித்துச் சொன்னார். அவன் என்னைப் பார்த்தான். எனக்கும் ஒன்றும் புரியவில்லை. எட்டாம் தேதியிலிருந்து எனக்கு லீவு. பதினாறு நாள். நான் போய்ப் பார்க்கிறேன் என்றேன்.

ஊரில் எனக்கு வீடு என்று இருப்பது திருநகரில் தங்கை வீட்டு மாடி அறைதான். ஒன்பதாம் தேதி அங்கே பெட்டியை வைத்துவிட்டு, பத்தாம் தேதி காலையில் உசிலம்பட்டி பஸ் ஏறினேன். நாகமலை புதுக்கோட்டை தாண்டியதும் பஸ் காலியாகிவிட்டது. பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளைகள் எல்லாம் இறங்கிவிட்டார்கள். ஊத்துப்பட்டி விலக்கில் டீக்கடைக்காரரிடம் ராசு வீடு எது என்று கேட்டு, யார் என்ன என்று அவர் கேட்டதற்கு நடந்ததையும் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. பெஞ்சில் இருந்த ஆளிடம், "இந்தாரு, செத்தவன் ஊருக்கு வாரதுக்கு வழி கேட்டு வந்திருக்காரு" என்றார். நான் வீடு போய்ச் சேர்வதற்குள் செய்தி எனக்கு முன்னால் போய்விட்டது.

இருளாயி வாசலிலேயே நின்றார். அறுபத்தைந்து வயது இருக்கும். கையில் தண்ணீர்ச் சொம்பு. உள்ளே ராசுவின் மனைவி முனீஸ்வரி இருந்தாள். அவள் பல்கலைக்கழகத்து கேண்டீனில் சமைக்கிறாள். நான் வருவது தெரிந்து அன்றைக்கு லீவு போட்டிருந்தாள். வந்த ஆளுக்கு முதலில் சோறு போட வேண்டும் என்று இருளாயி நினைத்தார். முதலில் விஷயத்தைக் கேட்க வேண்டும் என்று முனீஸ்வரி நினைத்தாள். முனீஸ்வரிதான் ஜெயித்தாள்.

போலீஸ்காரர் யாராவது வந்தாரா என்று கேட்டேன். வந்தார், போன மாதம் ஒருவர் வந்தார், ஆனால் ராசுவைப் பற்றிக் கேட்கவில்லை என்று இருளாயி சொன்னார். யாரைப் பற்றிக் கேட்டார் என்றேன்.

"பெரியவுகளைப் பத்தி."

எந்தப் பெரியவர்?

அவர் சுவரைக் காட்டினார். மாலை போட்ட போட்டோ. மீசை வைத்த பெரியவர். ராசுவின் தாத்தா, அதாவது இருளாயியின் மாமனார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்தப் பக்கத்தில் மூத்த பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பார்கள். ராசுவுக்கும் அப்படித்தான் வைத்தார்கள். ஆனால் மருமகள் மாமனார் பெயரை வாயால் சொல்லக் கூடாது. பிள்ளையைக் கூப்பிட்டாலும் மாமனாரைக் கூப்பிட்ட மாதிரி ஆகிவிடும். அதனால் பிறந்த அன்றைக்கே இருளாயி அவனை ராசு என்று கூப்பிட ஆரம்பித்தார். அம்மா கூப்பிட்டதையே ஊரும் கூப்பிட்டது. அப்பா ஜெயபாண்டி பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது முத்திருளன் என்று எழுதினார். பாஸ்போர்ட் அந்தப் பள்ளிக்கூடச் சான்றிதழை வைத்து எடுத்தது. ரேஷன் கார்டுக்குக் கணக்கெடுக்க வந்தவருக்கு இருளாயி பதில் சொன்னார், அதில் ராசு. ஆதார் எடுப்பதற்கு முன்பே அவன் விமானம் ஏறிவிட்டான். இரண்டும் ஒரே ஆள்தான் என்று சொல்லக்கூடிய ஜெயபாண்டியும் ஆறு வருடத்துக்கு முன்னால் போய்விட்டார்.

வெளிநாட்டில் இருக்கிற மகன் என்று போலீஸ்காரர் சொல்லவில்லையா என்று கேட்டேன். சொல்லவில்லை. முத்திருளன் என்பவர் இருக்கிறாரா என்றார். காலமாகி இருபது வருடமாச்சு என்று இவர் சொன்னார். அந்தப் பெயரில் வேறு யாரும் உண்டா என்றார். இல்லை என்று சொன்னார். நிலத்துப் பட்டா இன்னும் மாமனார் பெயரில்தான் இருக்கிறது, அது விஷயமாக வந்திருக்கிறார் என்று நினைத்து, கேட்ட இடத்தில் கைநாட்டு வைத்துவிட்டார்.

முனீஸ்வரி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். "அன்னைக்கு நான் வேலைக்குப் போகாம இருந்திருக்கலாம்ணே" என்றாள்.

இருளாயிக்குத் தான் தப்பு செய்ததாகத் தோன்றவே இல்லை.

"அவுக பேரைச் சொல்லிக் கேட்டாரு. அவுகளைச் சொன்னேன். இதுல பொய் என்ன இருக்கு?"

அது உங்கள் மகன் பெயரும்தானே அம்மா என்றேன். வைத்தது வாஸ்தவம், ஆனால் அது அவர்கள் பெயர், என் மகன் ராசு என்றார். என் அம்மாவும் சாகும்வரை அப்பா பெயரைச் சொன்னதில்லை. பேங்கில் கேட்டபோது எழுதிக் காட்டினார். இருளாயிக்கு எழுதத் தெரியாது.

நான் ராசுவின் காலை எடுத்து வைத்திருந்த போட்டோவை முனீஸ்வரியிடம் மட்டும் காட்டலாம் என்று நினைத்திருந்தேன். இருளாயி போனை வாங்கிப் பார்த்துவிட்டார். வாராவாரம் முகத்தை மட்டும்தான் அவன் காட்டியிருக்கிறான். அவர் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இது எந்தத் தேதிக்குள் ஆக வேண்டும் என்று கேட்டார். முப்பத்தொன்று என்றேன். சோறு போட்டார்.

மறுநாள் நானும் முனீஸ்வரியும் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். தலைமையாசிரியை பழைய சேர்க்கைப் பதிவேட்டைத் தேடி எடுத்து, முத்திருளன், தந்தை ஜெயபாண்டி என்று இருந்த வரியை நகல் போட்டுக் கையெழுத்தும் முத்திரையும் வைத்துக் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு மெயின் ரோட்டில் இருக்கிற ஸ்டேஷனுக்குப் போனோம்.

விசாரித்த கான்ஸ்டபிள் பெயர் செல்வக்குமார். முப்பது வயதுக்காரர். நாங்கள் சொல்ல ஆரம்பித்ததுமே எங்களை வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். பிடித்துப் போட்டிருந்த பைக்குகளுக்குப் பக்கத்தில் நின்று முழுவதையும் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது.

"எங்கூட்டுலயும் இதான்ணே. எம்மகனுக்கு எங்கய்யா பேருதான். எம் பொண்டாட்டி தம்பி தம்பின்னுதான் கூப்பிடும். எனக்கு அந்த நேரத்துல இது தோணல பாருங்க."

தோன்றாததற்கு அவரிடம் காரணம் இருந்தது. அன்றைக்கு அவர் கையில் இந்த மாதிரி ஏழு விசாரணை இருந்தது. பிறந்த தேதியைப் பார்க்கவில்லை. வெளிநாட்டு விஷயம் என்று சொன்னால் ஊரே கூடிவிடும் என்று சொல்லாமல் விட்டார். இப்போது திருத்தி எழுதினால் முதலில் எழுதியது தப்பு என்று ஆகும், தனக்கு மெமோ வரும் என்றார். முனீஸ்வரி அவரிடம் சண்டை போடுவாள் என்று நினைத்தேன். அவள் என் போனை வாங்கி அந்தக் கால் போட்டோவை நீட்டினாள். அவர் பார்த்தார். சரி, நானே இன்ஸ்பெக்டர் அம்மாவிடம் சொல்கிறேன், வாரது வரட்டும் என்றார்.

இன்ஸ்பெக்டர் மதுரையில் பந்தோபஸ்துக்குப் போயிருந்தார். அமைச்சர் ஒருவர் வருகை. இரண்டு நாள் என்றார்கள், நான்கு நாள் ஆனது. நான் தினமும் பஸ்ஸில் போய்விட்டுத் திரும்பினேன். மீனா மேடத்துக்கு ஒரு செய்தி அனுப்பினேன், இன்னும் எத்தனை நாள் ஆகும் என்று மட்டும் திருப்பிக் கேட்டார். ராசு தன் பங்குக்குக் கால் போட்டோவை எனக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டான். நல்லா இருக்குண்ணே என்று மட்டும் சொன்னான். அதிலிருந்தே நல்லா இல்லை என்று தெரிந்தது.

பதினாறாம் தேதி இன்ஸ்பெக்டர் வந்தார். பெண். தருமபுரிப் பக்கம். செல்வக்குமார் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் ஒப்பித்தார். பள்ளிக்கூட நகலை அவர் இரண்டு தடவை படித்தார். இதில் முத்திருளன் இருக்கிறார், ரேஷன் கார்டில் ராசு இருக்கிறார், இரண்டு பேரும் ஒருவர்தான் என்று எந்தக் காகிதமும் சொல்லவில்லை என்றார். மனைவி சொல்கிறேன் என்கிறாளே என்றேன். மனைவி சொல்லட்டும், அதையும் எழுதிக்கொள்ளலாம், ஆனால் இறந்துவிட்டார் என்று கைநாட்டு வைத்தவர் அம்மா, மறுத்துச் சொல்ல வேண்டியதும் அவர்தான் என்றார். ரெண்டும் ஒரே ஆள்தான் என்று தானே எழுதி அம்மாவிடம் கைநாட்டு வாங்கி வந்துவிடவா என்று செல்வக்குமார் கேட்டார்.

"போன தடவையும் அப்படித்தானே வாங்கிட்டு வந்தீங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

வயதானவரை ஸ்டேஷனுக்கு அழைக்கக் கூடாது என்பதால் நாளைக்குக் காலையில் தானே வீட்டுக்கு வருவதாகவும், அம்மா அந்தப் பெயரைச் சொல்லி இவர்தான் என் மகன் என்று சொல்வதைத் தன் காதால் கேட்க வேண்டும் என்றும், வீடியோவும் எடுத்து அறிக்கையோடு அனுப்பப் போவதாகவும் சொன்னார். அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. ஒரு தடவை செத்துவிட்டான் என்று எழுதிய ஆளை உயிரோடு இருக்கிறான் என்று எழுத வேண்டும். அவர் பெயரில் போகப் போகிற அறிக்கை.

நாங்கள் வீட்டுக்குப் போய்ச் சொன்னோம். இருளாயி புளியை உருட்டிக்கொண்டே கேட்டார். ராசுவின் மகள், தன் பேத்தி சொன்னால் ஆகாதா என்றார். ஆகாது. தலையை ஆட்டினால் ஆகாதா என்றார். ஆகாது என்றேன். முனீஸ்வரிக்குப் பொறுக்கவில்லை.

"நான் அவரு பேரைப் பேங்குல சொல்றேன், கேண்டீன்ல சொல்றேன். எனக்கு என்ன ஆச்சு? வாய் அழுகிப்போச்சா? ஒரு பேருதான அத்த. கால் போகப்போகுது."

"நீ உம் புருசன் பேரைச் சொன்ன. அவன் சிரிப்பான். நான் சொல்ல வேண்டியது அப்படியாப்பட்டது இல்ல" என்றார் இருளாயி.

புளியைப் பானைக்குள் வைத்து மூடினார். கையைக் கழுவிக்கொண்டு வந்து என்னிடம் சொன்னார்.

"அந்தம்மா இங்க வரவேணாம்னு சொல்லுங்கய்யா. இது அவுக கட்டுன வீடு. இதுக்குள்ள வச்சுச் சொல்ல மாட்டேன். டேசனுக்கு நானே வாரேன்."

பதினேழாம் தேதி காலையில் மூன்று பேரும் பஸ்ஸில் போனோம். இருளாயி தலைக்குக் குளித்து வெளுத்த சேலை கட்டியிருந்தார். ஒன்றும் சாப்பிடவில்லை. ஸ்டேஷன் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். இன்ஸ்பெக்டர் நாற்காலியைக் காட்டினார், அவர் உட்காரவில்லை. செல்வக்குமார் போனை வைத்துக்கொண்டு எதிரே நின்றார்.

உங்கள் பெயர், வயது, ஊர் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். சொன்னார். எத்தனை பிள்ளைகள் என்றார். ஒரே மகன் என்றார். அவர் எங்கே இருக்கிறார் என்றார். மஸ்கட்டில் என்றார்.

"பேரு?"

"ராசு."

"பள்ளிக்கூடத்துப் பேரும்மா. பாஸ்போர்ட்ல இருக்கற பேரு."

இருளாயி செல்வக்குமாரைப் பார்த்தார். செல்வக்குமார் போனுக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டார். அப்புறம் என்னைப் பார்த்தார். நான் வேறெங்கும் பார்க்க முடியாமல் சுவரில் இருந்த குற்ற அட்டவணையைப் பார்த்தேன். இன்ஸ்பெக்டர் அவசரப்படுத்தவில்லை. வெளியே ஒரு மினி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது. அதன் சத்தம் ஓயும்வரை எல்லோரும் காத்திருந்தோம்.

"எம் மாமனாரு பேரு முத்திருளன்" என்றார் இருளாயி. கடைக்காரரிடம் சாமான் சொல்வது மாதிரி சொன்னார். "எம்மகன் பேரும் முத்திருளன். மாமனாரு செத்துப்போனாரு. எம்மகன் சாகல."

இன்ஸ்பெக்டர் எழுதினார். அடையாளம் ஏதாவது உண்டா என்று கேட்டார். அங்க அடையாளத்தைத் தூதரகமும் படிவத்தில் கேட்டிருந்தது.

"முத்திருளனுக்கு இடது முட்டியில தழும்பு இருக்கு. கம்மாக்கரையில விழுந்தது. முத்திருளனுக்கு முதுகுல மச்சம். முத்திருளன் எட்டாவது வரைக்கும் படிச்சான், அதுக்கு மேல வரலைன்னு கொத்த வேலைக்குப் போனான். முத்திருளன் கல்யாணம் மருதைல நடந்துச்சு. முத்திருளனுக்கு ஒரு பொம்பளப் புள்ள."

கேட்டது அடையாளம் மட்டும்தான். அவர் நிறுத்தவில்லை. பிறந்த கிழமையையும், மூன்று வயதில் மஞ்சள் காமாலை வந்ததையும், மஸ்கட் போன அன்றைக்கு மழை பெய்ததையும் சொன்னார். ஒவ்வொன்றிலும் பெயரைச் சொன்னார். இன்ஸ்பெக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். செல்வக்குமார் போனை இறக்கவில்லை. முனீஸ்வரி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள், சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

"போதும்மா" என்றார் இன்ஸ்பெக்டர்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இருளாயி ஜன்னலோரம் உட்கார்ந்தார். டிக்கெட் கொடுத்துவிட்டுக் கண்டக்டர் போன பிறகு, "அது கவுருமெண்டுக்குச் சொன்னது" என்றார். நான் தலையாட்டினேன். அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை என்று முனீஸ்வரி மறுநாள் போனில் சொன்னாள்.

அறிக்கை எங்கெங்கோ போய்க் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. நான் ஒவ்வொரு நாளும் செல்வக்குமாரைக் கூப்பிட்டேன். சில சமயம் அவரே கூப்பிட்டு, இன்றைக்கு இந்த மேசைக்குப் போயிருக்கிறது என்று சொன்னார். மெமோ வந்ததா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இருபத்து நான்காம் தேதி நான் விமானம் ஏறும்போதுகூட அறிக்கை மஸ்கட் போய்ச் சேரவில்லை.

அறைக்குள் நுழைந்ததும் வாடை அடித்தது. மற்ற ஐந்து பேரும் அதைப் பற்றிப் பேசாமல் ஜன்னலைத் திறந்து வைத்திருந்தார்கள். ராசு எழுந்து உட்கார்ந்தான். ஊர் எப்படி இருக்கிறது என்று கேட்டான். உங்கள் அம்மா ஸ்டேஷனில் உன் பெயரைச் சொன்னார் என்றேன். எந்தப் பெயரை என்றான். முத்திருளன் என்றேன். அவன் நம்பவில்லை. செல்வக்குமார் அனுப்பியிருந்த வீடியோவைப் போட்டேன். பாதிவரைக்கும் பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தான்.

இருபத்தேழாம் தேதி மதியம் மீனா மேடம் கூப்பிட்டார். அறிக்கை இரண்டு நாள் பிந்தித்தான் வந்திருக்கிறது என்றார், ஆனாலும் போட்டோ இரண்டோடு உடனே வரச் சொன்னார். கம்பெனியில் அரைநாள் லீவு கேட்டு ராசுவைக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்ஸியிலிருந்து தூதரகத்துக் கதவு வரை ஐம்பது அடி இருக்கும், அதை நடக்க அவனுக்குக் கால் மணி நேரம் ஆனது. காவலர் ஒருவர் உள்ளேயிருந்து சக்கர நாற்காலி தள்ளிக்கொண்டு வந்தார். அன்றைக்கு அங்கே இருநூறு பேராவது இருந்தார்கள். கடைசித் தேதி நெருங்கியதால் ஆந்திரா, பீகார், உத்தரப்பிரதேசம் எல்லாம் ஒரே ஹாலில் நின்றது.

மீனா மேடம் தாளைக் கொடுக்கும்போது அந்த வீடியோவைத் தானும் பார்த்ததாகச் சொன்னார். மேலதிகாரிக்குத் தமிழ் தெரியாது, மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது, மாமனார் பெயரை ஏன் சொல்லக் கூடாது என்பதை இங்கிலீஷில் சொல்லத்தான் தனக்கு வெகுநேரம் ஆனது என்றார். எங்கள் பக்கமும் அப்படித்தான், எங்கள் பாட்டி சொல்ல மாட்டார் என்றார். அடுத்த ஆள் டோக்கனை நீட்டினான். நாங்கள் நகர்ந்தோம்.

இருபத்தெட்டாம் தேதி வெளியேறும் அனுமதி முத்திரை கிடைத்தது. முப்பதாம் தேதி காலையில் திருச்சி விமானம். நான் விமான நிலையத்தில் உள்ளே போகும் கதவு வரைக்கும் நாற்காலியைத் தள்ளினேன். அதற்கப்புறம் அங்கே வேலை செய்கிற ஒருவர் தள்ளிக்கொண்டு போனார். ராசு திரும்பிப் பார்த்துக் கையைக் காட்டினான். வெள்ளைத் தாளைச் சட்டைப் பையில் வைக்காமல் கையிலேயே பிடித்திருந்தான்.

திருச்சியிலிருந்து முனீஸ்வரியும் செல்வக்குமாரும் ஒரு வாடகை வண்டியில் அவனை நேரே கோரிப்பாளையம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். செல்வக்குமார் ஏன் போனார் என்று எனக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. அடுத்த வாரம் ஆபரேஷன் நடந்தது. முனீஸ்வரி வார்டு வராந்தாவிலிருந்து கூப்பிட்டாள். இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள், இன்னும் ஒரு வாரம் கழித்து வந்திருந்தால் முட்டி வரைக்கும் எடுத்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னாராம். அத்தை பக்கத்தில்தான் இருக்கிறார், கஞ்சி கொண்டுவந்திருக்கிறார் என்றாள். அப்புறம் போனை ராசுவிடம் கொடுத்தாள்.

"அண்ணே, காலு இருக்குண்ணே" என்றான்.

சந்தோஷம் என்றேன். அங்கே வெயில் எப்படி என்று அவன் கேட்டான், சொன்னேன். அவன் படுத்திருந்த இடத்தில் இப்போது யார் என்று கேட்டான். யாரும் இல்லை, அரிசி மூட்டை வைத்திருக்கிறோம் என்றேன். அவன் டைல்ஸ் வெட்டுகிற மெசின் ஒன்று அடுப்படி மேல்தட்டில் இருக்கிறதாம். எடையில் வராது என்று விட்டுவிட்டு வந்தானாம். நாகமலை புதுக்கோட்டையில் புதிது புதிதாக வீடு கட்டுகிறார்கள், உட்கார்ந்தே செய்கிற வேலையாகப் பார்த்துச் செய்யலாம், யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள், வரும்போது எடுத்து வாருங்கள் என்றான்.

எனக்கு அடுத்த லீவுக்கு இரண்டு வருடம் இருக்கிறது. கொண்டுவருகிறேன் என்றேன்.